தண்ணீரையும் கீறிய வரைபடம்

போட்டிக் கொடிகளைக் கழுவி, வீட்டு வளவுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறேன். இரண்டு முறை சவர்க்காரம் போட்டும் தரவைப் புல்வெளியின் சேற்று மணம் போகவில்லை. மூக்கைப் பொத்த வேண்டிய மணம்தான். எனக்கோ சிரிப்பு வருகிறது. உமக்கு உடனே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நீர் போய் மாதங்கள் ஆகிவிட்டன என்பதெல்லாம் அதற்குத் தடையில்லை.

ஊர்காவற்றுறையில் விளையாட்டு ஆசிரியை நீர், வேலணையில் கணக்கு ஆசிரியை நான். வரைபடத்தையும் திசை காட்டும் கொம்பாசையும் கையில் கொடுத்து, வெளியெங்கும் வைத்த கொடிகளைத் தேடி ஓடவிடும் ஓரியன்டரிங் போட்டியைத் தீவிலேயே நடத்த வேண்டும் என்பது உமது ஆசை. பட்டணத்தில் வைத்தால் நம் பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். "அவளவையும் ஓடவேணும். அப்ப போட்டி இஞ்சை வரட்டும்" என்றீர்.

வந்தது. ஆவணி வெயிலில் தரவையை நடந்து பார்த்துப் பாதை போட்டோம். காய்ந்து வெடித்த வெளி. நீர் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தீர், நான் கைதட்டினேன். போட்டியோ மார்கழியில். மாரி மழையில் தரவை என்ன ஆகும் என்பது தீவிலே பிறந்த இரண்டு ஆசிரியைகளுக்கும் நினைவு வரவில்லை! வரைபடத்தில் வெறும் வெளி, காலடியில் தொடையளவு தண்ணீர். போதாததற்கு, ஒரு கொடி இருக்கும் இடத்தைப் 'பனையடி' என்று எழுதியிருந்தோம், அதுவும் பனங்கூடலுக்குள்ளே! பிள்ளைகள் பனை பனையாகச் சுற்றினார்கள். போட்டியைப் பாதியில் நிறுத்தினோம். பட்டண அணித் தலைவன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "தீவிலை இது சரிவராது, டீச்சர்" என்றான். கூட நின்று ஒழுங்கு செய்தவர்களுக்கும் அதே எண்ணம். இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவர்களிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினீர்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். நீர் அழவில்லை. "தண்ணியிலை ஒரு பிழையும் இல்லையப்பா. அதை வரைபடத்திலை கீறாமல் விட்டதுதான் பிழை" என்றீர். அடுத்த மாரிக்கு முன்னரே நோய் வந்து உம்மைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு உம்மேல் கோபம் வந்தது. இன்னும் முழுக்க ஆறவில்லை.

இம்முறை மழை விட்டதும் தரவைக்குள் இறங்கினேன். தண்ணீர் ஓரம் முழுவதையும் நடந்து பார்த்து நீலத்தில் கீறினேன். தண்ணீர் முழங்கால் தாண்டாத இடமாகத் தேடி, அதற்கு அக்கரையில் பாழ்கிணற்றுக் கட்டின் வடக்கு மூலையில் ஒரு கொடியை வைத்தேன். தண்ணீருக்குள்ளால் குறுக்கே போவதா, பனங்கூடலைச் சுற்றி ஓடுவதா? அது ஓடுகிறவரின் முடிவு. போட்டிக்கு முதல்நாள் மறுபடி மழை. ஓடிப்போய்ப் பார்த்து, ஓரத்தைத் திருத்தி, வரைபடங்களைப் புதிதாக அச்சடித்தேன்.

பட்டணத்தார் சுற்றி ஓடினார்கள். நம் பிள்ளைகளிலும் பலர் சுற்றித்தான் ஓடினார்கள். உமது மாணவி ஒருத்தி மட்டும் நின்றாள், வரைபடத்தைப் பார்த்தாள், சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினாள். முதலாம் இடம் அவளுக்கே! சேற்றில் முழுகி வந்தவள் வெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "டீச்சர், நீலம் கீறின இடத்திலை அப்பிடியே தண்ணி நிண்டது!" என்று கத்தினாள். கடைசி ஆள் வரைக்கும் அத்தனை பேரும் எல்லாக் கொடிகளையும் கண்டு வந்து சேர்ந்தார்கள். பட்டண அணித் தலைவன் என்னைத் தேடி வந்தான். "அடுத்த வருசமும் மாரியிலைதானே வைப்பியள்? கோடையிலை வைச்சுக் கெடுத்துப்போடாதேங்கோ."

ஓம் என்றேன். அந்தச் சந்தோசத்தோடு உம்மிடம் சொல்ல ஊர்காவற்றுறைப் பஸ்ஸை மறிக்கக் கை நீட்டிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்து கையை இறக்கினேன்.

இப்போது, படகில்தான் போக வேண்டிய அனலைதீவிலும் நடத்தச் சொல்லிக் கேட்கிறார்கள். படகில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஏலாது என்கிறார்கள் இங்கே சிலர். ஏலும் என்று நானும் விடாமல் சண்டை பிடிக்கிறேன். உமது பிடிவாதம் முழுக்க இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீர் வந்து திருப்பிக் கேட்டாலும் தரமாட்டேன்.