எதிர்ப்பலகையில் வைத்த குடம்

நிலம் விளைக, நீர்நிலை நிறைக, அறம் அரியணை ஏறுக.

காரெயில் மாநகரின் காவலனும், ஏழு மலைக் கணவாய்க்கு உரியவனும் ஆகிய வேந்தன் செங்கோ எயினன், கடல்துறை நாட்டின் பட்டத்தரசியும் தன் உடன்பிறந்தாளும் ஆகிய அல்லியங்கோதைக்கு விடுக்கும் ஓலை. நும் நாட்டுக் கலங்கள் கரை சேர்க. நும் கொற்றவன் வாள் உறையிலேயே துயில்க. நும் மகள் நப்பின்னையின் மணப்பந்தலில் மங்கல முழவு இடையறாது ஒலிக்க.

திருமணச் செய்தி எம்மை வந்தடைந்தது, அழைப்போலையாக அன்று, உப்பு வணிகர் வாய்மொழியாக. அதில் குறை காண எமக்கு உரிமை இல்லை என்பதை அறிவோம்.

ஏழாண்டுகட்கு முன் நும் மகளின் காதணி விழாவிற்குத் தாய்மாமன் சீராகப் பன்னிரு பேழை பொன்னணி அனுப்பினோம். கொண்டுசென்ற வண்டிகளே அவற்றைத் திருப்பிக் கொணர்ந்தன. வேந்தனுக்குக் கருவூலம் காவற்பொருளே அன்றிக் கைப்பொருள் ஆகாது என்பதும், நாள்தோறும் அளக்கப்படும் படியரிசி ஒன்றே அவனுக்குச் சொந்தம் என்பதும், அதில் மிச்சம் பிடித்துத் தன்கலம் என்னும் குடத்தில் சேர்த்ததைக் கொண்டே உறவுக்குச் சீர் செய்தல் வேண்டும் என்பதும் நம் குலமுறை. மழை பொய்த்த ஆண்டில் குடிகள் தந்த வரி தம் மகள் காதில் தொங்குதல் ஆகாது என்று நீவிர் சொல்லி அனுப்பினீர். அவை நடுவே அதனைக் கேட்ட யாம் சினந்தோம். பத்தாண்டு அரசு செய்தும் எம் தன்கலத்தில் ஒரு நாழி அரிசியும் இல்லாமையே அச்சினத்திற்குக் காரணம்.

இதுவரை வேந்தன் எழுதினான். இனி உன் அண்ணன் எழுதுகிறான்.

கோதை, நான் முயலாமல் இருந்தேன் அல்லேன். முதலில், உண்டபின் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்று இருந்தேன். விருந்தினரும் புலவரும் நிறைந்த அரண்மனையில் எது மிஞ்சும்? மறு ஆண்டு ஒரேயடியாகப் பாதிப் படியை ஒதுக்கினேன். ஒன்பதாம் நாள் பசி வென்றது. அதன்பின் குடத்தைக் கட்டிலருகே வைத்துக் காத்தேன். சேவற்கட்டு வந்த அன்று, பந்தயம் கட்டக் காவலனே கள்வன் ஆனான். சிறுதுளி பெருவெள்ளம் என்று அமைச்சர் எடுத்துரைத்தார். ஓட்டைக் குடத்தில் எந்த வெள்ளமும் நில்லாது, அந்த ஓட்டை என் கைதான் என்று அவர்க்கு எவ்வாறு சொல்வேன்?

தாய் தந்தையரை இழந்த நாள்முதல் நாம் இருவரும் எதிரெதிர்ப் பலகையில் அமர்ந்து உண்டோமே, மறந்திருக்க மாட்டாய். நீ மணமாகிச் சென்ற பின்னும் உன் பலகையை எடுக்க நான் விடவில்லை. மனைவி மக்கள் இல்லாத நான் அவ்வறையில் இன்றும் தனியே உண்கிறேன். ஒருநாள், கண் படும் இடம் வெறுமையாய் இருத்தலைப் பொறாது, குடத்தைத் தூக்கி உன் பலகைமேல் வைத்தேன். அன்றுமுதல் உலையில் இடுமுன் என் அரிசியில் ஒரு பிடி அதில் விழுந்து வந்தது. ஒரு பிடிதான், ஆனால் ஒருநாளும் தவறவில்லை. உன் இடத்திலிருந்து எனக்கென எடுக்க மட்டும் கை எழவில்லை. சிறு வயதில் உன் பங்கில் கைவைத்து உன்னை அழவைத்தது நினைவுக்கு வந்துவிடும்.

வேந்தர்க்குச் சேமிக்கும் பழக்கம் வாய்த்தது என்று அமைச்சர் மெச்சுகிறார். எனக்கோ அது உன்னோடு உண்ணும் வேளை.

இவ்வாறு நான்காண்டு சென்றன. குடம் நிறையுந்தோறும் அரிசியைச் சந்தையில் பொன்னாக மாற்றினேன். இவ்வோலையோடு வரும் அக்குடத்தில் ஒரு சோடித் தோடு உள்ளது. கல் இல்லை, கனமும் இல்லை. நப்பின்னை அணிந்தால் பந்தலில் யார் கண்ணிலும் படாது. ஆயினும் அதில் குடிகளின் வரி ஒரு மணியும் கலக்கவில்லை. நான் உண்ணாது வைத்ததே அதில் உள்ளது.

ஓலை கொணரும் கண்டீரனுக்கு யாம் இட்ட ஆணை: மறுமொழி கேட்டு அரசியாரை நெருக்கலாகாது, மூன்று நாள் வாயிலில் நின்று, தருவதைப் பெற்று மீள்க. கணவாய்க் காவலர்க்கு இட்ட ஆணை: கடல்துறை நாட்டிலிருந்து எவர் வரினும் வாயில் திறந்திருக்க.

அரச முத்திரை நாட்டிற்கு உரியது. ஆதலின் இதன் கீழ்ப் பதித்தது என் பெருவிரல் நகக்குறியே. முடிசூடிய பதினேழாம் ஆண்டு, தைத்திங்கள், வளர்பிறை ஐந்தாம் நாள்.

உனக்கு ஆணை ஏதும் இல்லை, வேண்டுகோள் உண்டு. தோட்டை ஏற்பாயாயின், மணநாளில் பந்தலின் ஓரமாய் நிற்க என்னை அழை. ஏலாயாயின், குடத்தையேனும் திருப்பி அனுப்பு. அதை இறக்கி வண்டியில் ஏற்றிய இன்று காலைமுதல் உன் பலகை வெறுமையாய்க் கிடக்கிறது. நான் இன்னும் உண்ண அமரவில்லை.