பூட்டிய வீட்டுக்குள் துரை

உ

குற்றாலம்,
ஆடி முதல் வாரம்

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்டால், எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை அதைக் கேட்பதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். ராத்திரி பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார். பகலில் நீ கூப்பிடும்போது நான் லாட்ஜ் அடுப்படியில் நாலு பேருக்கு நடுவே கரண்டியும் கையுமாக நிற்கிறேன். கேட்க நினைத்ததை விழுங்கிவிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டு வைத்துவிடுகிறேன். போன மாதம் ஒருநாள் காய் தீர்ந்துவிட்டது, சாயங்காலம் அவர் வந்துதான் வாங்க வேண்டும் என்றாய். நீயே கீழே இறங்கிப் போய் வாங்கினால் என்ன என்றேன். வெளியில பூட்டியிருக்கும்மா, சாவி அவங்கட்ட இருக்கு என்று, ஏதோ வெளியில் வெயில் அடிக்கிறது என்பதுபோல் சொன்னாய். நாக்பூர் போன புதிதில் நீ மார்க்கெட்டில் வழி தவறியதும், இந்தி தெரியாமல் போனிலும் சார்ஜ் இல்லாமல் நின்றதும், மாப்பிள்ளை தேடி அலைந்து பயந்துபோனதும் எனக்குத் தெரியும். ஊர் பழகுகிற வரைக்கும் பாதுகாப்புக்குப் பூட்டுகிறார் என்கிறாய். கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆகப் போகிறது மகளே, பூட்டிய வீட்டுக்குள் இருந்து எந்த ஊரைப் பழகுவாய். அன்றைக்கு நானும் சரி பத்திரமா இரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன், வைத்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்கு எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். உங்கப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, பரவாயில்லட்டி, மாப்ள பொறுப்பா இருக்காரு, வடக்க நம்ம ஊரு மாதிரியா என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் நடுவில் நம் நாய்க்குட்டி துரை விஷயத்தில் ஒன்று நடந்துபோயிற்று, குட்டி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் உனக்குப் போனில் சொன்னோம், நடந்ததை இன்றைக்கு முழுதாக எழுதுகிறேன்.

அப்பா லாட்ஜுக்குக் காய்கறி எடுக்கச் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போன இடத்தில் தோட்டத்துக்காரர் அவனைக் கொடுத்தார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செவலை. அப்பாதான் துரை என்று பெயர் வைத்தார், ஏற்கெனவே வீட்டில் ஒரு துரைக்குக் காலாட்டிக்கொண்டு காபி கேட்கிற வழக்கம் இருக்கிறது, இப்போது இரண்டாகிவிட்டது. வந்த புதிதில் மடியை விட்டு இறங்க மாட்டான். ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் கூட்டம் வந்துவிட்டது, லாட்ஜில் ஒரு ரூம்கூட காலியில்லை, அப்பா விடிந்தால் கவுண்டருக்கு, நான் அவர் பின்னாலேயே அடுப்படிக்கு, இவனை வீட்டில் தனியாக விட வேண்டியதாகிவிட்டது. கூடத்தில் விட்டால் பிரிட்ஜ் வயரைக் கடிக்கிறான். கயிற்றில் கட்டினால் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தை இறுக்கிக்கொள்கிறான். பின்முற்றத்தில் விடலாம் என்றால் குரங்கு. சின்னக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும், பிறகு யார் இறக்குவது. நம் ஊர்க் குரங்குகளுக்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியும், பூட்டுதான் தெரியாது, அதனால் கொல்லைக் கதவுக்குக்கூட பூட்டுப் போடுகிற ஊர் இது, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அதே வழக்கத்தில் அவனைப் பின்னறையில் விட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, வெளியே பெரிய பூட்டாகப் போட்டு, வாசலையும் பூட்டி, இரண்டு சாவியையும் இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். இனி எவன் வந்தாலும் இவன் மேல கை வைக்க முடியாது என்று பெருமை வேறு.

அந்தப் பின்னறையில் என்ன இருந்தது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. லாட்ஜ் ஓரமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் டின்கள் மழையில் நனைகின்றன என்று அப்பாதான் அவற்றை நம் வீட்டில் வைக்கச் சொல்லியிருந்தார். கற்பூரமும் என்னென்னவோ மூலிகையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். வருகிற சனமெல்லாம் தலையில் இருந்து கால்வரை தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறது, இதில் கெடுதி இருக்கும் என்று குற்றாலத்தில் பிறந்த யாருக்குத் தோன்றும். குட்டிக்குப் பொழுது போகவில்லை, பல் முளைக்கிற ஊறல் வேறு, ஒரு டின்னின் மூடியைக் கடித்துச் சாய்த்துவிட்டான். தரையெல்லாம் எண்ணெய். எழுந்தால் வழுக்குகிறது, விழுந்தால் நக்குகிறான், நக்கி நக்கிக் குடித்திருக்கிறான்.

பக்கத்து வீட்டு ஜெபமலர்தான் அவன் கத்துகிற சத்தம் கேட்டு ஜன்னல் வலை வழியாகப் பார்த்திருக்கிறாள். நாலு காலும் நாலு பக்கம் விரிந்து, வாயில் நுரையோடு கிடந்திருக்கிறான். எனக்குப் போன் போட்டாள். எக்கா, குட்டி எண்ணெயில கெடந்து துடிக்கி, சாவி எங்கன இருக்கு என்றாள். சாவி அப்பா இடுப்பில். அப்பா அரிசி எடுக்கத் தென்காசிக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ரோடு முழுக்க வேனும் காரும், நடக்கக்கூட இடமில்லாமல் சாரலில் நனைந்துகொண்டு ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு நாய் நினைப்பே இல்லை மகளே. ஐந்தாவது மாடியில் ஒரு கதவும், உள்ளே கேஸ் அடுப்பும், நீயும்தான் கண்ணுக்குள் நின்றீர்கள். உன்னிடம் இதை மறைத்து என்ன ஆகப் போகிறது. நான் வந்து சேர்வதற்குள் ஜெபமலர் அவள் வீட்டு அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் பூட்டையும் உடைத்து, பின்னறைப் பூட்டையும் உடைத்து, குட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அவளுக்கு உள்ளங்கை கிழிந்து ரத்தம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள், அவள் யார் பேச்சையும் கேட்காமல் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டரம்மா ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, உடம்பில் இருந்த எண்ணெயை எல்லாம் சோப்புத் தண்ணீரால் கழுவி எடுத்தார். நல்லவேளை உப்புத் தண்ணி குடுக்காமக் கொண்டாந்தீங்க, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா பொழச்சிருக்காது என்றார். பொழுது சாயும்போதுதான் கண்ணைத் திறந்து என் விரலைத் தேடினான், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், டாக்டரம்மா நாய்க்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் முதலில் உடைந்த பூட்டைப் பார்த்துத்தான் சத்தம் போட்டார். யாருட்டி இந்த வேலையப் பாத்தது, நல்ல பித்தளைப் பூட்டுலா என்றார். பிறகு குட்டியைப் பார்த்தார். அவன் கிறங்கிப்போய்த் தலையைத் தூக்க முடியாமல், ஆனால் அவர் குரலுக்கு வாலை மட்டும் தரையில் தட்டினான். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்திரமா இருக்கட்டும்னுதானட்டி பூட்டுனேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. டாக்டரம்மா சொன்னபடிதான் இப்போது செய்கிறோம். மூன்று மாதக் குட்டியைப் பகல் முழுக்கத் தனியே விடக் கூடாதாம், பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது, இருக்கிற இடத்தைத்தான் பாதுகாப்பாக ஆக்க வேண்டுமாம். எண்ணெய் டின்கள் லாட்ஜுக்கே போய்விட்டன. கூடத்தில் வயரையெல்லாம் மேலே தூக்கிக் கட்டி, செருப்பு, மாத்திரை, துடைப்பம் எதுவும் எட்டாமல் வைத்து, அடுப்படி வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை வைத்திருக்கிறோம். வாசல் கிரில் வழியாகத் தெருவைப் பார்க்க விட்டிருக்கிறோம், குரங்கு கையை உள்ளே விடாதபடி கீழ்ப்பாதிக்கு வலை அடித்தாயிற்று. காலையில் அப்பா அவனைச் செண்பகாதேவி அருவிக்கு ஏறுகிற பாதை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய்க் களைக்க வைக்கிறார், களைத்த குட்டி பாதி நேரம் தூங்கிவிடுகிறது. சாக்கை மடித்து உள்ளே இட்லித் துண்டுகளை ஒளித்து வைத்தால் மூக்கை விட்டுத் தேடிக்கொண்டே இருப்பான். பழைய துண்டை முடிச்சுப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் பல் ஊறலுக்குக் கடிக்கிறான். என்னுடைய பழைய நூல் சேலை ஒன்று படுக்கைக்கு, என் வாசனை இருக்கிறது போல, அதை விடுவதில்லை. டாக்டரம்மா முக்கியமானது ஒன்று சொன்னார், முதலில் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு உடனே திரும்ப வேண்டும், பிறகு கொஞ்சம் கூட்ட வேண்டும், போகிறவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் அதற்குப் பயம் இல்லையாம். நடுவில் ஜெபமலர் திறந்து வந்து, கொல்லையில் விட்டு, தண்ணீர் மாற்றி, பத்து வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள்.

திறந்து வர அவளுக்குச் சாவி வேண்டுமே, அதற்கு அப்பாவே தென்காசிக்குப் போய்ப் புதுப் பூட்டுக்கு மறுசாவி போட்டு வாங்கி வந்தார். அவள் வாசலில் நின்று, கட்டுப் போட்ட அவள் கையில் கொடுத்தார். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் அங்கேயும் இங்கேயும் நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், ஏட்டி அகிலா, நாக்பூர்ல பக்கத்து வீட்டுக்காரி கதவ உடைப்பாளாட்டி. அவளுக்கு நம்ம பிள்ளை பேசுத பாஷையே புரியாதேங்க என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பொறுப்புன்னு நெனச்சேன், நானும் அதத்தான செஞ்சிருக்கேன் என்றார். உங்கப்பா குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இது உனக்குத் தலை ஆடி, பெண்ணை அழைத்து வருவதுதான் முறை, தூரத்தையும் சீசனையும் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டோம். அப்பா லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆடி மாசத்தில் குற்றாலத்து லாட்ஜ் மேனேஜர் லீவு கேட்பது முகூர்த்த நேரத்தில் மேளக்காரர் எழுந்து போவது மாதிரிதான், முதலாளி குதித்தார். பிள்ளையத் தலை ஆடிக்கு அழைக்கப் போறேன், இதுக்கு யாருட்ட உத்தரவு கேக்கணும் என்று அப்பா சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் புதன்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை, அங்கிருந்து நாக்பூர். அவருக்கும் இந்தி தெரியாது, வழி தவறினால் அவரையும் மாப்பிள்ளை உள்ளே வைத்துப் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளையையும் முறைப்படி அழைப்பார், வந்தால் விருந்து வைத்து வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து அனுப்புவோம், லீவு இல்லை என்றால் உன்னை மட்டும் அனுப்பட்டும். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. உங்கப்பாவும் கெட்டவர் இல்லையே. இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் நேற்றுப் போனேன், கையெழுத்துப் போட்டு வாங்க நீ எப்படிக் கதவைத் திறப்பாய் என்று தபாலாபீஸ் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது, சாதாரணத் தபாலில் போடுகிறேன், கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளை முதலில் எடுத்துப் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், மாமியார் ஒளித்து எழுதவில்லை.

குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மனும் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருக்க வேண்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, போனில் எப்போதும் சார்ஜ் போட்டு வை, படுக்கும் முன் கேஸை மூடு. கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே மாப்பிள்ளையிடம் ஒரு சாவி கேள், சண்டையாகக் கேட்காதே, அழுதும் கேட்காதே, உன் வீட்டுச் சாவி, சாதாரணமாகக் கேள். கொடுத்தால் அவர் மகராசனாக இருக்கட்டும். கொடுக்கவில்லை என்றால் உன் துணிமணி, சர்டிபிகேட் எல்லாம் ஒரு பையில் எடுத்து வை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா இரண்டு நாள் ரயிலில் வந்து, ஐந்து மாடி ஏறி, பகல் வேளையில் மணி அடிப்பார். உள்ளே இருந்து நீ வந்து கதவைத் திறக்க வேண்டும். பூட்டைப் பார்த்துக்கொண்டு அவர் வெளியே நிற்கும்படி ஆனால், குழவிக்கல் தேடி அலைய மாட்டார், அந்தக் கட்டடத்தையே கூட்டிவிடுவார்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்
அம்மா அகிலாண்டேஸ்வரி