மாடி வீட்டுக்காரரிடம் இருந்த சாவி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். மாடி வீட்டுக்காரர் வந்தா கதவைத் திறக்காதீங்க. அவர்கிட்ட இருந்த நம்ம சாவியை வாங்கிட்டேன்.

நாம வேலையில இருக்கும்போது, பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உள்ளே வந்து, அவளை மடியில உக்கார வெச்சு, "அம்மாகிட்ட சொல்லாதே"ன்னிருக்கார். நேத்து தலை பின்னும்போது அவளே சொன்னா.

"அவர் தங்கமான மனுஷன்"னு சாவியைக் குடுத்து வெக்கச் சொல்லி குதிச்சீங்களே, வீட்டுல பெரியவங்க இல்லேன்னு தெரிஞ்சுதான் அந்தத் தங்கம் படியிறங்கி வந்திருக்கு.

இனி அவ தனியா இருக்க மாட்டா. நாளையிலேர்ந்து எனக்குக் காலை ஷிஃப்ட். இன்னிக்கு மட்டும் பள்ளிக்கூடத்துலேர்ந்து நீங்க கூட்டிட்டு வாங்க. நான் வேலை முடிஞ்சு வந்ததும் ரெண்டு பேரும் போய் போலீஸ்ல சொல்லிடுவோம்.

மறந்துட்டேன்: அவளைக் குடைஞ்சு கேக்காதீங்க. "நீ சொன்னது நல்லதுடா"ன்னு பக்கத்துல உக்காருங்க. அப்பா திட்டுவார்னு பயந்துதான் உங்ககிட்ட சொல்லலையாம்.