திரும்பி வருமா, வராதா

மார்ச் 4
இத்தனை வருஷம் ஊரான் சரக்குக்கெல்லாம் ஏற்றுமதிப் பேப்பர் போட்டாயிற்று. இன்று முதல் சொந்த அக்காவின் சாமானுக்கு. மகனோடு இருக்க வெளிநாடு போகிறாள். அத்தான் காலமான பிறகு தனியாக இருந்து அலுத்துவிட்டதாம். “கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன்டா” என்கிறாள். கொஞ்ச நாளுக்கு யாராவது அலமாரியையும் கட்டிலையும் கப்பலில் ஏற்றுவார்களா? வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 6
அக்கா வீட்டில் உட்கார்ந்து பேக்கிங் லிஸ்ட் எழுதினேன். “மர அலமாரி, பழையது, 1.” எழுதிவிட்டு நகர முடியவில்லை. சின்ன வயதில் அதன் மேல்தட்டில்தான் பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைப்பாள். எட்டி எடுக்கப் போய் நான் விழுந்தேன். கதவில் என் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. தான்தான் தள்ளிவிட்டதாக அப்பாவிடம் சொல்லி, எனக்கு விழ வேண்டிய அடியையும் அவளே வாங்கிக்கொண்டாள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
“மதிப்பு எவ்வளவு போட?” என்றேன்.
“இந்த ஓட்டை அலமாரிக்கு என்னடா மதிப்பு? ஒண்ணுமில்லன்னு போடு.”
சுருக்கென்றது. போட்டேன்.

மார்ச் 8
மரப்பெட்டிகளுக்குப் பூச்சிமருந்துப் புகை போட்டு முத்திரையும் வாங்கியாயிற்று. வேலை என்னவோ மளமளவென்று நடக்கிறது. எனக்குத்தான் அவசரமே இல்லை.

மார்ச் 11
மானம் போச்சு. நான் நிரப்பிய படிவத்தைப் பக்கத்து மேஜைக்காரி சரிபார்த்தாள். ஏற்றுமதி வகை என்ற இடத்தில் “தற்காலிகம் — திரும்பி வரும்” என்று போட்டிருக்கிறேன்! கண்காட்சிக்குப் போகும் இயந்திரங்களுக்குத்தான் அப்படிப் போடுவோம்.
“என்ன சார், அக்காவக் கண்காட்சிக்கா அனுப்பறீங்க?”
ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். கை தவறிப் போட்டதா, வேணும்னே போட்டேனா? தெரியல. சத்தியமா தெரியல.

மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன். “ஒரு கட்டம் நிரப்பணும்க்கா. சாமான் திரும்பி வருமா, வராதா?”
பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டேன்.
“வராதுன்னு போடுடா” என்றாள். அப்புறம், “கோச்சுக்காதடா.”
கோச்சுக்காம? எனக்கு இருக்கறது ஒரே அக்கா. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திருத்தினேன்.

மார்ச் 19
கப்பல் கிளம்பிவிட்டது. அக்கா நேற்றே போய்விட்டாள்.

ஜூன் 2
அக்கா போன் செய்தாள். சாமான் வந்து சேர்ந்துவிட்டதாம், ஒரு கீறல் இல்லையாம். “உன் பேப்பரப் பாத்துட்டு ஒரு கேள்வி கேக்கலடா” என்று மெச்சினாள். குரலில் பழைய தெம்பு. அத்தான் போனதிலிருந்து வராத தூக்கம் இப்போது வருகிறதாம், பேரன் ஒட்டிக்கொண்டானாம். கேட்க நிம்மதியாக இருந்தது.

கல்யாணமாகிப் போன பிறகும், வீடு எத்தனை மாறினாலும், என்னிடம் பேசும்போது எப்போதும் “நம்ம வீடு” என்றுதான் சொல்லுவாள். இன்று, “லீவு கெடச்சா எங்க வீட்டுக்கு வாடா” என்றாள்.

வர்றேன்க்கா என்றேன்.