சுற்றும் விசிறியில் தூசி

2025 ஜூலை 9, புதன்

பதுளை வெயிலுக்கு நாள் முழுக்க ஃபேன் ஓடுகிறது. என் கணவர் மௌத்தாகி மூன்று வாரம். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இருக்கவேண்டிய இத்தாவில் வீட்டோடு இருக்கிறேன். கரண்ட் போனபோது பார்த்தேன் – இறக்கைகளில் கனத்த தூசி. துடைப்பது அவர் வேலை.

அத்தனை வேகத்திலும் அது ஏன் பறக்கவில்லை? விஞ்ஞான வகுப்பில் ‘எல்லைப்படை’ என்ற பாடத்துக்கு நான் சொன்ன உதாரணமே இதுதான். இறக்கையைத் தொடும் காற்று அதோடு ஒட்டிக் கூடவே சுற்றும். வேகமெல்லாம் சற்றுத் தள்ளித்தான். ஒட்டியிருக்கும் தூசிக்குக் காற்று வீசுவதே தெரியாது.

ஜூலை 15, செவ்வாய்

ஜன்னல் திரை வழியே தெருவைப் பார்த்தேன். தனலெட்சுமி டீச்சர் டியூஷனுக்குப் போனார். நமுனுகுலத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. என் கேட் பக்கம் திரும்பவேயில்லை.

ஜூலை 16

இன்றும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மகன் ஸியாம் கொழும்பிலிருந்து பேசினான். "இத்தா முடிஞ்சதும் வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க உம்மா. அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

ஒரு பெயர் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

நமுனுகுலவில் காற்று ஆளையே தள்ளும். நானும் தனலெட்சுமி டீச்சரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு சாப்பிடுவோம். மேலே ஊளை, மடியில் சோற்றுத் தாள் அசையாது. தரையை ஒட்டினால் காற்றுக்கும் சோம்பல். "ஒங்க விஞ்ஞானத்துல எனக்கு வெளங்கினது இது ஒன்னுதான் டீச்சர்" என்பார்.

மௌத்து வீட்டுக்கு வந்து அழுதாரே – அப்புறம் என்ன ஆச்சு? நான் ஏதும் சொல்லிட்டேனா?

செப்டெம்பர் 4, வியாழன்

ஸியாமிடம் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அதற்குமுன் தனலெட்சுமி டீச்சரிடம் ஒரு வார்த்தை. போன் எடுத்தேன்.

"டீச்சர்... நீங்க பேசலாமா?" ரகசியக் குரலில் கேட்டார்.

"ஏன் பேசக் கூடாது?"

"இத்தாவுல வெளியாள் யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு பஸ்ல ஒருத்தி சொன்னா. அதான் ஒங்க கேட் பக்கமே திரும்பாம போறேன். கழுத்து சுளுக்கிருச்சு."

"அது வெளி ஆம்பளைங்களுக்குத்தான் டீச்சர். பொம்பளைங்க வரலாம்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

சனிக்கிழமை வரச் சொன்னேன்.

செப்டெம்பர் 6, சனி

வந்தவர் ஃபேனை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். "இவ்ளோ சுத்தியும் தூசி போகலயே?"

இறக்கையைத் தொடும் காற்று இருக்கிறதே, என்று ஆரம்பித்தேன்.

"சரி, அதுக்கு என்ன வழி?"

"ஈரத்துணிதான்."

"அதச் சொல்லுங்க மொதல்ல. கதிரையைப் பிடிங்க."

அவர் அதில் ஏறித் துடைக்க, பிடித்துக்கொண்டேன். என் தலையெல்லாம் தூசி.

மாலையில் ஸியாம் போனில், "அங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்று மறுபடி கேட்டான். இந்த முறை பெயரைச் சொன்னேன்.