மாட்டாமல் விட்ட வயர்

என்னங்க,

கம்ப்யூட்டர் ஓடுகிறது. முதலில் சாப்பிடுங்கள், அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று நீங்கள் புது ப்ராசஸரை மாட்டிய பிறகும் திரை கறுப்பாகவே இருந்ததா, என் கட்டட வரைபடங்கள் எல்லாம் போய்விட்டன என்று பதறிவிட்டேன். "நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்துட்டீங்களே!" என்று கத்தியிருக்கக் கூடாது. நீங்கள் பட்டினியாகவே போய்ப் படுத்துவிட்டீர்கள்.

காலையில் மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து, கையேட்டில் இருந்த படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் சின்ன வயர் மட்டும் மாட்டாமல் தொங்கியது. மற்றதெல்லாம் நீங்கள் கச்சிதமாகவே செய்திருந்தீர்கள். அதை மாட்டியதும் உயிர் வந்துவிட்டது. ஐந்து நிமிடம் இழுத்தடிக்கும் வரைபடம் சட்டென்று திறக்கிறது!

"யாரும்மா சரி பண்ணினது?" என்று மகள் கேட்டாள். "உங்கப்பாதான்" என்றேன். மாற்றிச் சொல்லி மாட்டிவிடாதீர்கள்.

பி.கு.: எழுப்பிச் சொல்லத்தான் வந்தேன். விரலெல்லாம் ப்ராசஸர் மேல் தடவும் அந்தச் சாம்பல் நிறப் பசையோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன், உங்களுக்குத் தெரியவே இல்லை.

மன்னிப்பைச் சீட்டில் எழுத மாட்டேன். சாயங்காலம் சீக்கிரமே வருகிறேன்.