அப்பாவின் முதுகில் நகரும் வளையங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போனில் சொல்லலாமென்றால் வீட்டில் இருக்கும் ஒரே போன் எப்போதும் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எல்லோரும் படுத்த பிறகு அறையைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக அப்பாவுக்கு முதுகில் அரிப்பு. புது மரத்தின் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தச்சுப் பட்டறையில் மரத்தையே மாற்றினார். அம்மா படர்தாமரை மருந்து தடவினாள். எதற்கும் அது மசியவில்லை. மருந்து தடவும் வேலை என்னிடம் வந்தபோதுதான் நன்றாகப் பார்த்தேன். இழைத்த பலகையில் ரேகை ஓடுமே, அப்படியே வளையத்துக்குள் வளையம். "நாப்பது வருஷமா நான் மரத்தை இழைச்சேன், இப்ப அது என்னை இழைக்குது" என்று சிரித்தார்.

ஒருநாள் வளையத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டேன். மறுநாள் வளையம் கோட்டைத் தாண்டி அரை விரல் அகலம் நகர்ந்திருந்தது! குளத்தில் அலை விரிவதுபோல. பயமாக இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தோல் டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் "யார் போட்டது?" என்று கேட்டார். பக்கத்து அறை டாக்டர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருப்பதாக ஒருவர் சொன்னார். இது தோலின் நோயே இல்லையாம். உள்ளே ஒளிந்திருப்பதைத் தோல் காட்டிக்கொடுக்கிறதாம். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நுரையீரலில் சட்டைப் பொத்தான் அளவு கட்டி. புற்றுநோய் என்றே நினைக்கிறார்கள். ஒரு இருமல்கூட இல்லையே, அக்கா! கட்டியை எடுத்தால் வளையங்களும் தானாக மறைந்துவிடலாமாம். ஆபரேஷனை ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது என்றார்கள்.

அப்பாவோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபது கதவு ஒப்புக்கொண்டிருக்கிறாராம், முடித்துவிட்டுத்தான் போவாராம். "அம்மாகிட்டயும் அக்காகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். அதை மீறுவதால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மீறாவிட்டால் கட்டாயம் ஆகும்.

நீ சொன்னால் அவர் தட்டமாட்டார். கடிதம் கிடைத்த அன்றே கிளம்பு. சும்மா பார்க்க வந்ததுபோல் வா, முதுகை நீயாகவே பார்த்துவிட்டதாகச் சொல். நான்தான் எழுதினேன் என்று தெரிந்தாலும் போகட்டும். வருஷக்கணக்கில் என்னோடு பேசாமல் இருக்கட்டும். கோபித்துக்கொள்ள அவர் இருந்தால் போதும், அக்கா, எனக்கு வேறு எதுவும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் குரல்.